லேசர் போட்டால் ஃபில்லிங் விழாதா? – பல் மருத்துவக் கேள்வி பதில்

சொத்தையை லேசரால் எடுத்து அடைப்பது பற்றிக் கேட்டு இந்த முறை நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் இந்த இதழிலேயே சேர்த்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பல பேர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கில் ‘லேசர் ஃபில்லிங்: மிஷின் இல்லை, ஊசி இல்லை, ஆசிட் இல்லை’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வழக்கமான ஃபில்லிங்கைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள். லேசரில் செய்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும், விழவே விழாது என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்? – வாசகர், திருச்சி

அந்த மூன்று ‘இல்லை’களில் முதல் இரண்டும் பல பேருக்குப் பொருந்தும். மூன்றாவதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பல் நிற ஃபில்லிங் பல்லில் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் புரிந்துவிடும். அந்தக் காலத்து வெள்ளி ஃபில்லிங்குக்கு ஒட்டும் குணம் கிடையாது. குழியின் அடியை அகலமாகவும் வாயைக் குறுகலாகவும் வெட்டி, அதற்குள் அடைத்துப் பூட்டி வைத்தார்கள். அதற்காகச் சொத்தையோடு நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது. இதை மாற்றியவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வேலை பார்த்த பல் மருத்துவர் மைக்கேல் போனகோர். தொழிற்சாலைகளில் உலோகத்துக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன் பாஸ்பாரிக் அமிலத்தால் மேற்பரப்பைத் தயார் செய்கிறார்களே, பல்லிலும் அதைச் செய்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 85 சதவீத அமிலத்தைப் பல்லின் வெளி ஓடான எனாமல் மேல் 30 விநாடி வைத்துக் கழுவிவிட்டு, ரெசின் என்ற பிசினை ஒட்டிப் பார்த்தார், வெறும் பல்லில் ஒட்டியதைவிடப் பல மடங்கு உறுதியாக நின்றது. 1955-ல் அதை எழுதி வெளியிட்டார். இன்று நாங்கள் 35 அல்லது 37 சதவீத ஜெல்லை வைக்கிறோம், பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அமிலம் செய்வது இதுதான். எனாமலில் எடைக் கணக்கில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். அமிலம் பட்டதும் அதில் சில பகுதிகள் கூடுதலாகவும் சில பகுதிகள் குறைவாகவும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்குழிகள் உண்டாகும். திரவமாக இருக்கும் பிசின் அவற்றுக்குள் இறங்கி, லைட் பட்டு இறுகியதும் பிடித்துக்கொள்ளும். காங்கிரீட் தூணில் பூச்சு பூசுவதற்கு முன் கொத்தனார் உளியால் கொத்திவிடுவாரே, அதே வேலைதான்.

சரி, லேசரும் கொத்திவிடத்தானே செய்கிறது, அது போதாதா என்று கேட்பீர்கள். பல்லை வெட்டக்கூடிய லேசர்களில் முக்கியமானவை எர்பியம் வகை. எர்பியம் யாக் என்பது 2940 நானோமீட்டர் அலைநீளம். எர்பியம் குரோமியம் என்று இன்னொன்று, 2780 நானோமீட்டர். இந்த அலைநீளங்களைத் தண்ணீர் அபாரமாக உறிஞ்சும். பல்லுக்குள் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் மைக்ரோ விநாடிகளில் சூடாகி ஆவியாகி வெடிக்கும்போது சுற்றியுள்ள தாதுத் துணுக்குகள் தெறித்து வெளியே வருகின்றன. சொத்தைப் பகுதியில் நல்ல பல்லைவிட ஈரம் அதிகம் என்பதால் அது சீக்கிரம் போய்விடும். இது நல்ல விஷயம். வெட்டிய பரப்பும் சொரசொரப்பாகத்தான் இருக்கும்.

ஆனால் சொரசொரப்பு மட்டும் இருந்தால் பிடிப்பு வந்துவிடாது. லேசர் விட்டுப்போகும் பரப்பு சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் மேடு, சில இடங்களில் தொற்றிக்கொண்டிருக்கும் துணுக்குகள், அடியில் நுண்விரிசல்கள். உளியால் கண்டபடி கொத்தி உதிரியை அப்படியே விட்டுப் பூசினால் பூச்சு உதிரியோடு சேர்ந்து விழத்தானே செய்யும்? அதனால்தான் எனாமலை லேசரால் மட்டும் தயார் செய்து ஒட்டியபோது, அமிலம் வைத்து ஒட்டியதைவிடப் பிடிப்பு குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சமமாக வந்தது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, லேசரை எந்த அளவில் வைத்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. லேசரால் வெட்டிவிட்டு அதன் மேல் அமிலமும் வைத்தால் பிடிப்பு நன்றாகவே வந்துவிடுகிறது.

ஆகவே சொத்தையை லேசரால் எடுக்கட்டும், தாராளமாக. எனாமல் ஓரத்துக்கு மட்டும் அமில ஜெல் வைத்துக் கழுவச் சொல்லுங்கள். ‘ஆசிட் இல்லை’ என்பதை ஒரு சலுகை போல விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஜெல் 15 முதல் 30 விநாடி பல்லில் இருக்கும், அப்புறம் தண்ணீரில் கழுவிவிடுவோம், அவ்வளவுதான். அதில் பயப்பட ஒன்றும் கிடையாது.

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அவர்களிடம் இருப்பது எந்த லேசர்? கிளினிக்குகளில் பரவலாக இருப்பது டயோடு லேசர், 810, 940, 980 நானோமீட்டர் அலைநீளங்களில் வரும், கைக்கு அடக்கமாக இருக்கும், விலையும் குறைவு. ஈறு வேலைக்கு அருமையானது. அதை வைத்துப் பல்லை வெட்ட முடியாது. டயோடை வைத்துக்கொண்டு ‘லேசர் ஃபில்லிங்’ என்று சொன்னால், ஈறை ஒதுக்க மட்டும் லேசர் போட்டுவிட்டுச் சொத்தையை வழக்கமான மிஷினில்தான் எடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். அதற்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டியதில்லை.

எனக்குப் பல் அடைத்தபோது வாய்க்குள் நீல நிற வெளிச்சம் காட்டினார்கள். அதுதான் லேசரா? – ஆசிரியை, கரூர்

இல்லைம்மா. அது பிசினை இறுக வைக்கும் எல்இடி விளக்கு. ஃபில்லிங் பொருளில் கேம்பர்குவினோன் என்று ஒன்று கலந்திருக்கும், சுமார் 470 நானோமீட்டர் நீல ஒளி பட்டால் அது தூண்டப்பட்டுப் பிசின் கெட்டியாகும். 1990-களில் ஆர்கான் லேசரை இந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள், இப்போது அது வழக்கத்தில் இல்லை. அந்த வெளிச்சத்தை நேராகப் பார்க்காதீர்கள், அது போதும்.

நான் பி.டி.எஸ். இறுதியாண்டு மாணவன். எர்பியம் லேசரால் வெட்டிய டென்டினை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படங்களைப் பார்த்தேன். ஸ்மியர் லேயர் இல்லை, குழாய்கள் எல்லாம் திறந்திருக்கின்றன. ஒட்டுவதற்கு இதைவிட நல்ல பரப்பு வேண்டுமா? ஆனால் பிடிப்பு குறைகிறது என்று படிக்கிறேன். ஏன் மேடம்? – மாணவர், சென்னை

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற வாசகர்களும் படிக்கலாம், கடினமான விஷயம் இல்லை.

டென்டின் என்பது எனாமலுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிறப் பகுதி. எடையில் சுமார் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கொலாஜன் போன்ற உயிர்ப்பொருள், 10 சதவீதம் தண்ணீர். பல் நரம்பிலிருந்து வெளிப்பக்கம் வரை அதில் நுண்குழாய்கள் ஓடுகின்றன. மிஷினால் வெட்டும்போது அரைபட்ட தூள் அந்தக் குழாய்களின் வாயில் படலமாக அப்பிக்கொள்ளும், அதுதான் இவர் சொல்லும் ஸ்மியர் லேயர். லேசரில் அரைப்பு கிடையாது, தெறிப்பு மட்டும்தான், அதனால் அந்தப் படலம் உண்டாவதில்லை. குழாயைச் சுற்றிய டென்டினில் தாது அதிகம், ஈரம் குறைவு. குழாய்களுக்கு இடைப்பட்ட டென்டினில் அது தலைகீழ். ஈரம் அதிகமுள்ள இடைப்பகுதியை லேசர் கூடுதலாக அரித்துவிடுவதால் குழாயின் வாய்கள் சட்டைக் கை மடிப்பு மாதிரி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். படத்தில் அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் டென்டினில் பிடிப்பின் பெரும்பங்கு குழாய்களில் இருந்து வருவதில்லை. 1982-ல் ஜப்பானின் நாகபயாஷி குழு ‘ஹைப்ரிட் லேயர்’ என்று காட்டினார்கள், அதை உங்கள் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். அமிலம் தாதுவைக் கரைத்துவிட்டால் கொலாஜன் நார்கள் வலையாக நிற்கும்; அந்த வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகினால்தான் டென்டினும் ஃபில்லிங்கும் ஒன்றாகப் பிணையும். குழாய்க்குள் இறங்கிய பிசின் வால்கள் துணைக்கு நிற்பவைதான், பாரத்தைத் தாங்குவது அந்த வலை.

லேசர் கெடுப்பது அந்த வலையைத்தான். வெட்டிய பரப்பை ஒட்டிச் சில மைக்ரான் ஆழத்துக்குக் கொலாஜன் வெப்பத்தால் உருமாறி, நார்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிடுகின்றன. நாருக்கும் நாருக்கும் நடுவே இருந்த நுண்ணிய இடைவெளி மூடிவிட்டால் பிசின் எங்கே நுழையும்? மேலாக இருக்கும் கொஞ்சத்தை அமிலம் கரைத்துவிடலாம், அதற்கடியில் இருக்கும் பலவீனமான அடுக்கு அப்படியே நிற்கும். சோதனையில் இழுத்துப் பார்த்தால் பசை விடுவதில்லை, அதற்குக் கீழே டென்டினே பெயர்ந்து வருகிறது. உடைந்த துண்டைப் புரட்டிப் பாருங்கள், பல நேரம் உடைப்பு அந்த அடுக்கிலேயே இருக்கும்.

ஆய்வுக்கு ஆய்வு முடிவு ஏன் இவ்வளவு மாறுகிறது என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. லேசர் ஒளி விட்டுவிட்டுத் துடிப்பாக வரும், அந்தத் துடிப்பின் ஆற்றல் எத்தனை மில்லிஜூல், துடிப்பு நீளம் 50 மைக்ரோ விநாடியா 300-ஆ, விநாடிக்கு எத்தனை துடிப்பு, தண்ணீர்த் தெளிப்பு எவ்வளவு, முனை எவ்வளவு தூரத்தில் இருந்தது, இவற்றில் ஒன்று மாறினாலும் கெடும் அடுக்கின் தடிமன் மாறிவிடும். எந்தக் கட்டுரையைப் படித்தாலும் முடிவுக்குப் போவதற்கு முன் இந்த எண்களைப் பாருங்கள். அவை இல்லாத கட்டுரையை ஒதுக்கிவிடலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: சொத்தையைக் கூடுதல் ஆற்றலில் எடுங்கள், கடைசிச் சுற்றை ஆற்றலைக் குறைத்து, துடிப்பைச் சுருக்கி, தண்ணீர் தாராளமாக விட்டு முடியுங்கள். எனாமல் ஓரத்துக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம், டென்டினுக்கு எம்டிபி கலந்த மிதமான செல்ஃப் எட்ச் பசை (தனியாக அமிலம் வைக்கத் தேவையில்லாத பசை), இது எனக்குப் பிடித்த வழி. எம்டிபி மூலக்கூறு கால்சியத்தோடு வேதிப் பிணைப்பு கொள்ளும். கொலாஜன் வலையை முழுதாக நம்பி இருக்காது என்பதால் லேசர் பட்ட டென்டினுக்கு அது ஏற்றது. பசையைப் பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துப் பூசுங்கள், தடவிவிட்டு விட்டுவிடாதீர்கள். எச்சில் படாமல் பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் திரையான ரப்பர் டேம் கட்டாயம்.

எங்கள் மகளுக்கு வயது 17. முன்பற்களில் பழுப்புத் திட்டுகள், சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரால் வந்தது என்கிறார்கள். பல் நிறத்தில் பூசி மறைத்தார்கள், இரண்டு முறையும் சில மாதங்களில் பெயர்ந்து வந்துவிட்டது. பிள்ளை சிரிக்கவே கூச்சப்படுகிறாள். லேசரால் தயார் செய்து ஒட்டினால் நிற்குமா அம்மா? – ஒரு தாய், தருமபுரி மாவட்டம்

உங்கள் மாவட்டத்திலும் பக்கத்துக் கிருஷ்ணகிரியிலும் இருந்து இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. நிலத்தடிப் பாறையில் இருந்து ஃபுளோரைடு தண்ணீரில் கலக்கிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதைத் தாண்டிய கிணறுகள் அங்கே ஏராளம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். பல் முளைப்பதற்கு முன்பு, தாடைக்குள் எனாமல் உருவாகும் வயதில் பட்ட பாதிப்பு இது. உங்கள் மகளுக்கு இனிமேல் புதிதாகத் திட்டு வராது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

பூச்சு ஏன் பெயர்கிறது என்பதற்கு வருகிறேன். ஃபுளோரைடு பாதித்த எனாமலின் வெளித்தோல் வழக்கத்தைவிடக் கெட்டி, அமிலத்துக்கு லேசில் கரையாது. அதற்குக் கீழே தாது குறைந்து நுண்துளைகள் நிறைந்த பகுதி. வழக்கமான 15 விநாடி அமிலம் வைத்துவிட்டால் வெளித்தோலில் போதிய நுண்குழி உண்டாகாது, பூச்சு மேலோட்டமாக ஒட்டியிருந்து உதிர்ந்துவிடும். இரண்டு முறையும் பெயர்ந்தது உங்கள் மகள் பல்லைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாததால் அல்ல, அவளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

லேசர் அந்த வெளித்தோலை எடுத்துவிடும், உண்மைதான். ஆனால் அதே வேலையை மெல்லிய வைர முனையோ, அலுமினாத் தூளை அடிக்கும் கருவியோ குறைந்த செலவில் செய்துவிடும். வெளித்தோலை மிக மெல்லியதாக எடுத்துவிட்டு, அமிலத்தை வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்து, எச்சில் படாமல் ஒட்டினால் நிற்கும் வாய்ப்பு நன்றாகவே கூடும். லேசர் பட்ட எனாமல் அமிலத்துக்கு இன்னும் கொஞ்சம் எதிர்ப்புக் காட்டும் என்பதும் இருக்கிறது. சொத்தையைத் தடுக்க அது உதவலாம், ஒட்டும் வேலைக்கு உதவாது. உங்களுக்காக நான் லேசரைத் தேடிப் போக மாட்டேன்.

பூச்சுக்கு முன்னால் இன்னொரு வழியையும் பார்க்கச் சொல்வேன். திட்டு லேசாக இருந்தால் மைக்ரோ அப்ரேஷன் என்று மேலாகத் தேய்த்து எடுப்பது, அப்புறம் பிளீச்சிங், இல்லையென்றால் நீர்போன்ற பிசினை எனாமலுக்குள்ளேயே ஊறவிடும் ரெசின் இன்ஃபில்ட்ரேஷன். இவற்றில் ஒட்டி நிற்க வேண்டிய பூச்சே கிடையாது, பெயர்ந்து வந்துவிடுமோ என்ற பயமும் கிடையாது. அரசு பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று துறை இருக்கிறது, பணம் பார்க்காமல் போய்க் காட்டலாம்.

பல்லை வெள்ளையாக்கும் பிளீச்சிங் முடிந்த மறுநாளே முன்பல் ஃபில்லிங்கை மாற்றலாமா? அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தம். – வாசகி, மதுரை

மாற்றாதீர்கள். பிளீச்சிங்கில் இருந்து வரும் ஆக்சிஜன் சில நாட்கள் எனாமலுக்குள் தங்கியிருக்கும், அது பிசினை இறுக விடாது. ஒன்று முதல் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும், அதற்குள் நிறமும் நிலைத்துவிடும். நிச்சயதார்த்தம் முடிந்தபின் மாற்றிக்கொள்ளுங்கள், வாழ்த்துகள்.

என் பையனுக்கு 6 வயது. பல் மிஷின் சத்தம் கேட்டாலே அலறுகிறான். கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை. லேசர் என்றால் ஊசி வேண்டாம், வலிக்காது என்கிறார்களே? – ஒரு அம்மா, நாகர்கோவில்

நீங்கள் கேட்கும் விஷயத்தில்தான் லேசருக்கு நான் முழு மனதோடு ஓட்டுப் போடுவேன். சுழலும் மிஷினின் அதிர்வு இல்லை, காதைத் துளைக்கும் அந்த விசில் சத்தமும் இல்லை. பட் பட் என்று பொரிவது மாதிரி ஒரு சத்தம் வரும், தண்ணீர் தெறிக்கும், இதை மட்டும் பையனிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். லேசரையும் மிஷினையும் ஒப்பிட்டு நடந்த 9 ஆய்வுகளை, மொத்தம் 662 பேர், 2016-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. லேசர் போட்டவர்களுக்கு வலியும் குறைவு, ஊசியின் தேவையும் குறைவு என்ற பக்கம் சான்று சாய்ந்தது, அது வலுவான சான்று இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். சொத்தையை முழுசாக எடுப்பதில் ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று காட்டப்படவில்லை.

எல்லாக் குழந்தைக்கும் ஊசி இல்லாமலேயே முடிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆழமான சொத்தை என்றால் கூசும், அப்போது ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும். ‘ஊசியே கிடையாது’ என்று பையனிடம் சத்தியம் செய்து அழைத்துப் போகாதீர்கள், நடுவில் போட வேண்டி வந்தால் அப்புறம் அவன் யாரையும் நம்ப மாட்டான். லேசர் மிஷினைவிட மெதுவாக வெட்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூடச் சொல்வார்கள், கட்டாயம் செய்துகொள்ளுங்கள். அதற்கும் லேசர் போட்டால் நன்றாக நிற்கும் என்றால், அமிலம் வைக்காமல் லேசரை மட்டும் நம்ப வேண்டாம். அமிலம் வைத்துச் செய்தால் லேசர் இல்லாமலேயே நிற்கும்.

லேசர் சூட்டில் பல் நரம்பு செத்துவிடாதா? கண்ணுக்குக் கெடுதல் உண்டா? – ஓய்வுபெற்ற வாசகர், பொள்ளாச்சி

பயம் நியாயமானதுதான், ஒரு காலத்தில் அப்படித்தான் நடந்தது. 1960-ல் அமெரிக்க இயற்பியலாளர் மெய்மன் முதல் ரூபி லேசரைக் காட்டிய சில வருஷங்களுக்குள்ளேயே அதைப் பல்லில் பிடித்துப் பார்த்தார்கள். பல் கருகியது, விரிசல் விட்டது, நரம்பும் வெந்தது. அந்த ஒளியைப் பல் சரியாக உறிஞ்சாது, வெப்பம் உள்ளே போய்விடும். நரம்பு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று 1965-ல் ஜாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளில் சோதித்தார்கள், 5.5 டிகிரி செல்சியஸ் கூடினால் 15 சதவீதப் பற்களில் நரம்பு மீளவில்லை. இன்றைக்கும் எந்தப் புதுக் கருவி வந்தாலும் இந்த 5.5-ஐ வைத்துத்தான் அளக்கிறோம்.

1980-களின் கடைசியில் ஜெர்மனியில் ஹிப்ஸ்ட், கெல்லர் இருவரும் எர்பியம் யாக்கைப் பல்லில் சோதித்துக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1997-ல் பல்லை வெட்ட அதற்கு அனுமதி கொடுத்தது. ஆற்றல் பெரும்பாலும் மேற்பரப்பு ஈரத்திலேயே செலவாகிவிடுகிறது, தெறிக்கும் துணுக்குகள் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன, தண்ணீர்த் தெளிப்பு மிச்சத்தைக் குளிர்விக்கிறது. தெளிப்புச் சரியாக இருந்தால் வெப்பம் அந்த வரம்புக்குள் நிற்கும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கருகும், கருகிய பல்லில் எந்தப் பசையும் நிற்காது.

கண்ணுக்கு: இவை நான்காம் வகை லேசர்கள், அதாவது கண்ணுக்கு ஆபத்தான அளவு ஆற்றல் உள்ளவை. அந்த அலைநீளத்துக்கு என்றே தயாரித்த கண்ணாடியை டாக்டர், உதவியாளர், நீங்கள், கூட நிற்பவர் எல்லோரும் போட வேண்டும். டயோடு லேசரின் கண்ணாடி எர்பியத்துக்குச் சரிவராது. கண்ணாடி கொடுக்காத இடத்தில் நாற்காலியில் உட்காராதீர்கள்.

பல்லில் போட்ட கிளிப் அடிக்கடி கழன்று வருகிறது. அடுத்த முறை லேசர் போட்டு ஒட்டச் சொல்லட்டுமா? – கல்லூரி மாணவி, கோவை

வேண்டாம். கிளிப்புக்கு அளவான பிடிப்புதான் தேவை, 6 முதல் 8 மெகாபாஸ்கல் போதும் என்பது நெடுநாள் கணக்கு. கடைசியில் கழற்றும்போது எனாமல் பெயராமல் வர வேண்டுமே. அமிலமே அந்தப் பிடிப்பைத் தாராளமாகக் கொடுத்துவிடும். அடிக்கடி கழல்கிறது என்றால் ஒட்டும்போது எச்சில் பட்டிருக்கும், அல்லது கடிக்கும்போது எதிர்ப்பல் அதில் இடிக்கும், அல்லது முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய். மூன்றையும் உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

பழைய வெள்ளி ஃபில்லிங்கை லேசரால் எடுக்கலாமா? முன்பல்லில் ஒட்டிய செராமிக் வெனீரும் நிறம் மாறிவிட்டது, அதையும் எடுக்க வேண்டும். – வாசகர், விழுப்புரம்

வெள்ளியில் லேசரைக் காட்டவே கூடாது, உலோகம் ஒளியைத் திருப்பி அடிக்கும், சூடாகும். அதற்கு மிஷின்தான்.

வெனீருக்கு, அதாவது பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய ஓட்டுக்கு, எர்பியம் லேசர் அற்புதமான கருவி. செராமிக்கைத் தாண்டி உள்ளே போகும் ஒளியை அடியில் இருக்கும் ஒட்டுப் பசை உறிஞ்சிக்கொண்டு பிடிப்பை விட்டுவிடும், பல நேரம் வெனீர் உடையாமல் முழுசாகவே கையில் வந்துவிடும். மிஷினால் அறுத்து எடுக்கும்போது எது செராமிக், எது எனாமல் என்று கண்ணுக்குத் தெரியாமல் நல்ல எனாமலும் கொஞ்சம் போய்விடுவது உண்டு, இதில் அது தப்பும். ஒட்டுவதற்கு எனாமலைவிட நல்ல பரப்பு வாயில் வேறு கிடையாது. எடுத்த பிறகு பழைய பசையைச் சுத்தம் செய்து, புது வெனீருக்கு அமிலம் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். லேசருக்குக் கூடுதல் பணம் கேட்டால் இந்த வேலைக்குக் கொடுக்கலாம்.

படிப்பை முடித்து இரண்டு வருடம் ஆகிறது, சிறிய ஊரில் சொந்த கிளினிக். ஒட்டும் ஃபில்லிங்குகளின் தரத்தை உயர்த்த வேண்டும். பேங்க் கடன் வாங்கி எர்பியம் லேசர் வாங்கலாமா மேடம்? – இளம் பல் மருத்துவர், தேனி மாவட்டம்

ஃபில்லிங்கின் தரத்துக்காக என்றால் வாங்காதீர்கள். பயப்படும் குழந்தைகள் நிறைய வருகிறார்கள், ஈறு வேலையும் எலும்பு வேலையும் வெனீரும் செய்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம், அப்போதும் அதை அந்த வேலைகளின் கணக்கில் எழுதுங்கள்.

தரத்துக்கு முதலில் ரப்பர் டேம் கிட் வாங்குங்கள், ஒவ்வொரு ஃபில்லிங்குக்கும் கட்டுங்கள். அப்புறம் லைட்டின் வலிமையை அளக்கும் ரேடியோமீட்டர், ஏனென்றால் முனையில் பிசின் ஒட்டியும் பேட்டரி தளர்ந்தும் லைட் மங்கிப்போனது நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, உள்ளே இறுகாத ஃபில்லிங் மேலே கல் மாதிரி இருக்கும். கம்ப்ரசர் காற்றில் எண்ணெயோ ஈரமோ வருகிறதா என்று கண்ணாடியில் அடித்துப் பாருங்கள், நீங்கள் அமிலம் வைத்துத் தயார் செய்த பரப்பை அந்த ஒரு ஊது கெடுத்துவிடும். கண்ணில் மாட்டும் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்குங்கள். நல்ல பசைப் புட்டியைக் குளிரில் வைத்து, காலாவதி தேதி பார்த்து, கிண்ணத்தில் ஊற்றியதை உடனே பயன்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்து, லேசரும் வேண்டும் என்று தோன்றினால், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மிஷினை வைத்திருக்கும் ஒரு டாக்டரிடம் போய் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பாருங்கள். முனை ஒன்று எத்தனை நோயாளிகளுக்கு வருகிறது, புதிது என்ன விலை, சர்வீஸ் பார்ப்பவர் எந்த ஊரில் இருந்து வர வேண்டும், வரும்வரை மிஷின் எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று அவரிடமே கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.